லாரி டிரைவருக்கு சி.பி. ரேடியோ இன்னும் உதவுமா?

(இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



இந்தத் தலைப்பை மலர்க்குழுவிடம் கொடுத்ததுமே மெக்கானிக்கல் பிரிவு நண்பர் ஒருவர், "ஏம்ப்பா, லாரியில பாட்டுக் கேக்குறதப் பத்தியா எழுதப்போறே?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. சி.பி. ரேடியோ என்றால் நம்மில் பலருக்கும் இங்கிலீஷ் படத்தில் பெரிய டிரக் ஓட்டுகிற ஆள் சுருள் வயர் வைத்த மைக்கைப் பிடித்து ஏதோ பேசுவாரே, அவ்வளவுதான் ஞாபகம் வரும். கம்யூனிகேஷன் பாடத்தில் ஏ.எம்., எஃப்.எம். எல்லாம் கரைத்துக் குடித்த நமக்கே அப்படி. அதனால் முதலில் அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

சி.பி. என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட். அதாவது பொதுஜனங்கள் பேசிக்கொள்வதற்கென்று ஒதுக்கிய அலைவரிசை. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. செட்டு ஒன்று, ஆன்டெனா ஒன்று, மைக் ஒன்று. மைக்கில் உள்ள பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. நாம் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அதேதான். பவர் ஏ.எம். முறையில் 4 வாட். டவர் கிடையாது, சிம் கிடையாது, மாத ரீசார்ஜ் கிடையாது. அதே சேனலை வைத்துக்கொண்டு பக்கத்தில் யார் இருந்தாலும் நம் குரல் அவர்களுக்குக் கேட்கும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே இல்லை.

எவ்வளவு தூரம் கேட்கும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பக்கத்து ஆன்டெனா உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். லாரி கேபின் மேல் ஆன்டெனாவின் உச்சி 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இரண்டும் நாலு. நாலு இன்டு 4.12 சுமார் 16.5 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வரைக்கும் என்று சொல்லலாம். நம் தஞ்சாவூர் ஜில்லா தோசைக்கல் மாதிரி சமதளம், மலை மறைப்பு கிடையாது. ஆனாலும் இது தாளில் வரும் தூரம். என்ஜின் இரைச்சல், மின்கம்பி இரைச்சல், 4 வாட் பவர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான்.

இனி இது லாரிக்குள் எப்படி ஏறியது என்ற கதை. அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸில் 23 சேனல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1958-ல். பல வருஷம் அது ஒரு ஓரத்தில் கிடந்தது. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபோது அங்கே டீசலுக்கு அல்லாட்டம். அதோடு 1974 ஜனவரியில் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கும் கட்டு போட்டார்கள். மைல் கணக்கில் கூலி வாங்குகிற டிரைவருக்கு இது இரண்டும் வயிற்றில் அடிக்கிற காரியம் அல்லவா? எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் ராடார் வைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இந்த ரேடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். போலீசுக்கு 'ஸ்மோக்கி' என்று பட்டப்பெயர்! 19-வது சேனல் நெடுஞ்சாலைக்கு, 9-வது சேனல் ஆபத்துக்கு என்று ஆயிற்று. பிறகு சினிமா, பாட்டு என்று மோகம் பரவி, 1977 ஜனவரியில் சேனல்களை 40 ஆக்கினார்கள். லைசென்ஸ் கேட்டு வந்த விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் 1983-ல் லைசென்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே என்ன நிலைமை? 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் செட்டை வைத்திருப்பதே குற்றம். பேசுகிற செட்டை விடுங்கள். வீட்டில் செய்தி கேட்கிற ரேடியோவுக்கே 1980-களின் நடுப்பகுதி வரை தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்தார்கள், எங்கள் தாத்தாவின் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. போலீஸ் ஜீப்பில் மட்டும் கரகரக்கும் வயர்லெஸ்ஸை லாரியில் வைக்க யாருக்குத் தோன்றும்? நம் டிரைவர்கள் லாரி புக்கிங் ஆபீசையும், எஸ்.டி.டி. பூத்தையும், எதிரே வருகிற நம்ம ஊர் வண்டிக்காரரிடம் சொல்லியனுப்புவதையும் வைத்தே தொழில் நடத்தினார்கள்.

பிற்பாடு 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், லைசென்ஸ் தேவையில்லை என்று இங்கேயும் விதி வந்தது. அமெரிக்க டிரைவர்களின் 19-வது சேனல் 27.185-ல் இருக்கிறது, அதுவும் இதற்குள் அடக்கம். ஆனால் அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. 1995 ஜூலையில் செல்போன் வந்து, 2003-ல் இன்கமிங் இலவசமாகி, டிரைவர் சட்டைப் பையில் போன் ஏறிவிட்டது. சி.பி. செட்டு நம் லாரிகளில் ஏறவே இல்லை.

என் மாமா பத்துச் சக்கர வண்டி ஓட்டுகிறார். குறுவை, சம்பா இரண்டு பட்டத்திலும் கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக் குடோனுக்கும் ரயிலடிக்கும் அடிப்பதுதான் வேலை. திருவலஞ்சுழி முக்கில் டீக்கடையில் அவரிடம் இந்த ரேடியோவைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு எல்லாம் போன்லயே முடிஞ்சிடுதுடா மாப்ளே. லோடு எங்க, ஓனர் என்ன சொல்றாரு, ரோடு எப்படி, டீசல் காசு வரைக்கும் அதுலதான்" என்றார்.

"சரி மாமா, போன்ல முடியாதது ஒண்ணு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எதிர்ல வர்றவன் நம்பர் எங்கிட்ட கிடையாதே. வாய்க்கா கரை ரோட்டுல நான் நானூறு மூட்டையோட உள்ள பூந்துட்டேன். அந்தப் பக்கம் ஒருத்தன் கரும்பு ஏத்திக்கிட்டு வர்றான். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்தப்புறம்தான் தெரியும். யாரு பின்னால போறது?"

மூட்டை 40 கிலோ. நானூறு மூட்டை 16 டன். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல், மழையில் ஊறிப்போன கரை. இரவு பதினொரு மணிக்கு அந்தக் கரையில் ரிவர்ஸ் எடுப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சக்கரம் அரையடி விலகினால் வண்டி வாய்க்காலில். எங்கள் பக்கத்தில் அப்படிக் கவிழ்ந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நனைந்த நெல்லைக் கரையில் கொட்டிக் காயவைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

என் மாமா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் இல்லை. ஆனால் விஷயத்தின் மையத்தை ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. போன் என்பது தெரிந்தவர்களைச் சேர்க்கிற கருவி. துபாயில் இருக்கும் மச்சானிடம் பேசலாம். அரை கிலோமீட்டரில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவரிடம் பேச முடியாது. சி.பி. ரேடியோ நேர்மாறு. துபாய்க்குப் போகாது. யார் என்று தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக் கொடுத்துவிடும். ரோட்டில் நம் உயிர் பாதி நேரம் அந்தப் பக்கத்து ஆளின் கையில்தானே இருக்கிறது?

"மேப் இருக்கே, அது சொல்லாதா?" என்பீர்கள். சிவப்புக் கோடு போடும், உண்மைதான். ஏன் சிவப்பு என்று சொல்லாது. மரம் விழுந்ததா, மாடு குறுக்கே நிற்கிறதா, தேர் வருகிறதா, இடது ஓரமாகப் போனால் தப்பிக்கலாமா? இதெல்லாம் அந்த இடத்தைத் தாண்டி வந்த இன்னொரு டிரைவருக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால்? குரூப்பில் இருப்பவர் நாமக்கல்லிலும் நாக்பூரிலும் இருப்பார். பின்னால் வருகிற வண்டிக்காரர் குரூப்பில் இருக்கமாட்டார்.

நம் டிரைவர்கள் இதற்கெல்லாம் ரேடியோ இல்லாமலே ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிரே வருபவர் ஹெட்லைட்டை டிம்-பிரைட் அடித்துக் காட்டினால் முன்னால் செக்கிங். முன்னால் போகிற வண்டி வலது இண்டிகேட்டர் போட்டுக் கையைக் காட்டினால் தாண்டிப் போகலாம். ஏர் ஹாரனில் கூட அவசரம், நன்றி, திட்டு என்று மூன்று விதம் உண்டு! ஆனால் இந்தப் பாஷை கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரம்தான். மார்கழிப் பனியில் அதுவும் எட்டாது.

சரி, மற்ற நாடுகளில் இன்று என்ன நிலைமை? அமெரிக்காவில் பழைய கலகலப்பு போய்விட்டது. செல்போன் வந்தபின் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். ஆபாசப் பேச்சும் வெட்டி அரட்டையும் பிடிக்காமல் இன்னும் பலர் அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் முற்றிலும் போகவில்லை. விபத்தால் வண்டிகள் தேங்கி நின்றால் எந்த லேனை விட வேண்டும் என்று கேட்கவும், பனிப்புயலில் முன்னால் என்ன என்று கேட்கவும், குவாரியிலும் பெரிய குடோன் வாசலிலும் எந்த இடத்தில் லோடு இறக்குவது என்று கேட்கவும், அகலமான சரக்குக்கு முன்னும் பின்னும் போகிற பைலட் வண்டிகளுக்கும் அது உதவுகிறது. 2012 முதல் அங்கே சரக்கு வண்டி ஓட்டுபவர் போனைக் கையில் பிடித்துப் பேசக்கூடாது. அந்தத் தடையில் சி.பி. மைக்கைச் சேர்க்கவில்லை. 2021-ல் சி.பி.யில் எஃப்.எம். முறைக்கும் அனுமதி கொடுத்தார்கள். செத்துப்போன சமாச்சாரத்துக்கு யாராவது புது விதி எழுதுவார்களா?

எனக்கு அதைவிட ஆஸ்திரேலியா பிடித்திருக்கிறது. அவர்கள் 1977-லேயே 27 மெகாஹெர்ட்ஸோடு நிற்காமல் 477 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் சி.பி.யை வைத்துவிட்டார்கள். அதுவும் எஃப்.எம். நமக்குப் பாடத்தில் வந்ததுதான்: எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும், ஏ.எம். போல இரண்டும் கலந்து 'கீய்ய்' என்று கத்தாது. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கு ஆன்டெனாவே 2.75 மீட்டர், நம் ஊர்ப் புளியமரக் கிளை ஒரே நாளில் முறித்துவிடும். 477-ல் கால் பங்கு 16 சென்டிமீட்டருக்கும் குறைவு. சூரியப் புள்ளிகள் அதிகமான வருஷங்களில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியவர் பேச்சை நம் காதில் கொட்டும்; 477-ல் அந்தத் தொல்லையும் இல்லை. இரண்டு மூன்று டிரெய்லர் கோத்த ரோடு டிரெயின்கள் ஓடுகிற அந்த ஊரில் லாரிக்காரர்களின் 40-வது சேனல் இன்றும் உயிரோடு இருக்கிறது. செல் டவரே இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அங்கே உண்டு என்பதும் காரணம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுமரம் ஏற்றுகிற ஒற்றைப்பாதைகள் இருக்கின்றன. அங்கே வி.எச்.எஃப். ரேடியோ. பாதையின் ஓரத்தில் கிலோமீட்டர் பலகையும், எந்த சேனல் என்ற பலகையும் இருக்கும். டிரைவர் ரோட்டின் பெயர், எத்தனையாவது கிலோமீட்டர், ஏறுகிறேனா இறங்குகிறேனா என்பதை மைக்கில் சொல்லிக்கொண்டே போவார். எதிரே வருபவர் அதைக் கேட்டு ஒதுக்குப்புறத்தில் காத்திருப்பார். என் மாமா கேட்ட "யாரு பின்னால போறது?" என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இது. இருவரும் முகத்தைப் பார்க்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

நம் கடலோரத்துக்கு வந்தால் இதே காரியத்தை நாகப்பட்டினம் மீனவர்கள் செய்வதைப் பார்க்கலாம். விசைப்படகில் வி.எச்.எஃப். செட்டு. பெயர் தெரியாத படகுக்கும் குரல் கொடுக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல இந்த செட்டின் எல்லைக்கு வெகு வெளியே இருந்தன, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பக்கத்து ஆளைப் பிடிக்கிற கருவியிடம் தூரத்து வேலையை எதிர்பார்க்க முடியாது.

தரையில் நமக்கு அந்தக் கருவி எப்போது தேவைப்பட்டது என்று கேட்டால், 2018 நவம்பர் 16 என்பேன். அன்று விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் இல்லை, டவரில் பேட்டரி தீர்ந்தது, போன் செங்கல் ஆயிற்று. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். மாமா இரண்டாம் நாள் இங்கிருந்து தண்ணீர், தார்பாய், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். "ஒவ்வொரு முக்குலயும் எறங்கி ஆளத் தேடிக் கேட்டோம். எந்த ரோட்டுல மரம் அறுத்தாச்சு, எங்க அறுக்கலன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு ஊருக்கு நாலு லாரி போயி நிக்குது, அடுத்த ஊருக்கு ஒண்ணும் போகல" என்பார். அத்தனை நிவாரண லாரிகள் ஒரே ரோட்டில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று பேச வழியில்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் 4 வாட் பெட்டி ஒவ்வொரு கேபினிலும் இருந்திருந்தால் போதும். டவர் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை.

"இருந்திருந்தால்" என்பதில்தான் சிக்கல். மாமாவிடம் இவ்வளவும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது: "நான் வாங்கி மாட்டிக்கிறேன். எதிர்ல வர்றவன்கிட்ட இருக்குமா?" ஒரு சி.பி. செட்டுக்கு மதிப்பு பூஜ்யம். இரண்டு இருந்தால் கொஞ்சம். ரோட்டில் பாதி வண்டியில் இருந்தால்தான் மாமா சொன்ன கரும்பு லாரியை நிறுத்த முடியும். அமெரிக்காவில் அந்தக் கூட்டத்தை 1970-களின் டீசல் பஞ்சம் சேர்த்துக் கொடுத்தது. நமக்குச் சட்டம் விட்ட நேரத்தில் கூட்டம் போன் கடைக்குப் போய்விட்டது. ஆகவே நம் ரோட்டில் தனி டிரைவர் ஒருவர் தன் காசைப் போட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

பெரிய ரோட்டில் தேவையும் குறைந்து வருகிறது. அணைக்கரையில் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் மேலே போகும் குறுகலான பாலத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விட்டுக்கொண்டிருந்த காலம் நமக்கெல்லாம் தெரியும். 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் 50 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலையைத் திறந்துவிட்டார்கள்; கொள்ளிடத்தின் மேல் புதுப்பாலமும் அதில் சேர்த்தி. அங்கே எதிரே வருபவர் வேறு தடத்தில் வருகிறார்.

மிச்சம் இருப்பது ஊருக்குள் போகும் கரை ரோடுகளும் கொள்முதல் சமயமும்தான். அங்கே கூட்டம் சேர்க்க ஊர் முழுக்க வேண்டாம். ஒரு கொள்முதல் நிலையத்துக்கு ஓடுகிற லாரிகள் ஏழெட்டு, அறுவடை மெஷின் இரண்டு மூன்று, நிலையத்தில் ஒரு செட்டு. அவ்வளவு பேரும் ஒரே சேனலில் இருந்தால் "உள்ளே வராதே, நான் வெளியே வர்றேன்" என்பதும் "இங்க எடை போட இன்னும் மூணு மணி நேரம், அங்கேயே நில்லு" என்பதும் நடக்கும். இதுதான் என் கணக்கில் நம் ஊருக்குப் பொருந்துகிற உபயோகம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சி.பி. செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். நேரே கொடுத்தால் புகைதான். நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். மலிவான சுவிட்சிங் கன்வெர்ட்டர் போட்டால் அதன் இரைச்சலே ஏ.எம்.மில் கேட்கும்; ஃபில்டர் போட்டுப் பாருங்கள், நல்ல புராஜெக்ட். ஆன்டெனா மாட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துச் சரிபார்க்காமல் பட்டனை அழுத்தினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். கையடக்க செட்டு போதுமென்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த பவர் வாக்கி-டாக்கிக்கு 2018 முதல் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் தூரம் குறைவு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற எல்லாமே இந்த வரம்புக்குள் வருவதில்லை. அதற்காகவே 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு விதிகள் போட்டது. அலைவரிசையும் கருவிக்கான ஒப்புதலும் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் தொடர்புச் சாதனம் அபாயகரமான ஓட்டுதல் கணக்கில் வரும். அமெரிக்காவில் மைக்குக்குக் கொடுத்த விலக்கு இங்கே எழுதப்படவில்லை. ஆகவே மைக்கைக் கிளீனர் பிடிக்கட்டும். கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகள் பெருகிவிட்ட இந்த நாளில், காலால் அழுத்துகிற பட்டனும் கேபினில் பொருத்திய மைக்கும் வைத்து ஒரு செட்டு செய்ய முடியுமா என்று என் பேட்ச் நண்பர்கள் இருவரும் நானும் இப்போது லேபில் முயன்றுகொண்டிருக்கிறோம். ரிலே, ஃபுட் சுவிட்ச் வரை வந்தாயிற்று. என்ஜின் சத்தத்தை மைக்கிலிருந்து வடிகட்டுவதுதான் இன்னும் பிடிபடவில்லை.